செயின் கட் ஆயிடுச்சு

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையிடமிருந்து பெண் வீட்டாரின் போன்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் ஒரு செய்தி வந்தது.

“செயின் கட் ஆயிடுச்சு. வர லேட் ஆகும். வேற ஏற்பாடு பண்ணுங்க.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் அவர் எடுக்கவில்லை.

கூடத்தில் முதலில் அதைப் படித்தவள் பெரியவள், கல்யாணப் பெண்ணின் அக்கா. கடைத்தெருவில் ஒரு நகைக்கடையில் வருஷக்கணக்காக விற்பனைக்கு நிற்கிறவள். செயின் என்று யாராவது சொன்னால் அவள் கண் தானாகவே எதிராளியின் கழுத்துக்குப் போய்விடும்.

“ஐயையோ, செயின் அறுந்துடுச்சாம்மா!” என்றாள். “இவ கழுத்துல போடணும்னு ஆசையா வாங்கியிருப்பார். கொக்கி சரியில்லாததை எவனோ அவர் தலையில கட்டிட்டான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அவள் கணவர், அந்த வீட்டின் பெரிய மாப்பிள்ளை, சட்டைப் பொத்தானைப் போட்டபடி சிரித்தார்.

“கழுத்துச் செயின் அறுந்தா எதுக்குடி லேட் ஆகும்? பாக்கெட்ல போட்டுக்கிட்டு வர வேண்டியதுதானே? இது வண்டிச் செயின். பாவம், மனுஷன் நடுரோட்ல நிக்கிறார்.”

“கல்யாணத்துக்கு எவனாவது சைக்கிள்ல வருவானா?”

“நம்ம கல்யாணத்துக்கு நான் வரலை?”

வந்திருந்தார். பெல்லுக்கு ரிப்பன்கூடக் கட்டியிருந்தார். பெரியவளுக்கு மேற்கொண்டு வாதாட வழியில்லை.

இதற்குள் தம்பிக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உணவுச் சாமான்களை ஊர் ஊராக அனுப்பும் ஒரு கம்பெனியின் சரக்குக் கிடங்கு அவன் பொறுப்பில் இருந்ததால் வீட்டில் அவனுக்கு ‘குடோன்’ என்றே பெயர். வாயைத் திறந்தால் ‘எங்க சப்ளை செயின்’தான். விளைகிற இடத்திலிருந்து சாப்பிடுகிறவன் தட்டு வரைக்கும் ஒரே செயின், நடுவில் ஒரு லாரி நின்றாலும் எல்லாம் படுத்துவிடும் என்று சாப்பிடும்போதுகூட விளக்குவான். அன்றைக்குப் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் முடிந்ததும் மதியச் சாப்பாட்டை மாப்பிள்ளை வீட்டார் கொண்டு வருவதாக ஏற்பாடு.

“சாப்பாடு வராது,” என்றான் குடோன். “எங்கேயோ செயின் கட். வேற ஏற்பாடு பண்ணுங்கன்னு இதைவிடத் தெளிவா ஒருத்தர் எப்படி எழுதுவார்?”

நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “செயின்னா அறுபத்தாறு அடி. மொத்தம் நூறு கண்ணி. அதை எப்படிடா கட் பண்ண முடியும்?”

யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏனென்றால் தையல் மெஷின் பக்கத்தில் நின்றிருந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டிருந்தது. அம்மா தையல்காரி. சங்கிலித் தையலில் ஒரு முனையைத் தவறாக இழுத்தால் மொத்தமும் சரசரவென்று பிரிந்து கையோடு வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். எதிலும் அந்த ஒரு முனையைத்தான் அவள் தேடுவாள்.

“வேற ஏற்பாடுன்னா என்னடா அர்த்தம்?” என்றாள் மெல்ல. “வேற மாப்பிள்ளை பார்த்துக்கோங்கன்னு சொல்றாரா?”

கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் ‘சேச்சே’ என்றார்கள். அந்தச் சேச்சேயில் அவ்வளவாக வலு இல்லை.

“எதுவா இருந்தாலும் சின்னவகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது,” என்று முடிவாகச் சொன்னாள் அம்மா. சார்ஜில் கிடந்த கல்யாணப் பெண்ணின் போனை எடுத்து மெஷினின் இழுப்பறைக்குள் நூல்கண்டுகளுக்கு அடியில் ஒளித்தாள். “இப்பத்தான் உள்ள தலை பின்னிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. நல்ல நாளும் அதுவுமா அழ வச்சிடாதீங்க.”

அந்த வீட்டிலேயே அந்தச் செய்தியைப் படித்தவுடன் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அந்தச் சின்னவள்தான்.

அவள் வேதியியல் படித்தவள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தினமும் ஃபெர்ரியில் போய் ஃபெர்ரியில் திரும்புவாள். ஆறு கார்களும் ஐம்பது அறுபது பேரும் ஏறக்கூடிய தட்டையான இரும்புத் தளம் அது. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருநாள் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

“பிரச்சினையே செயின்லதான். நீளம் பத்தலை. நாலு நாள் வெயில் பட்டா அறுந்துடும். இதை நம்பி ஜனங்க கையில குடுக்க முடியாது!”

ஃபெர்ரி ஓட்டுகிறவர் மேல் அறையிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது.

“என்னங்க, எங்க செயின்ல அப்படி என்ன குறை கண்டீங்க? ஒவ்வொரு வளையமா நானே கையால தடவிப் பார்க்கிறேன். ஏறியிருக்கிற ஜனத்தை இப்படிப் பயமுறுத்தலாமா?”

“நான் வாளியைப் பத்திப் பேசறேங்க,” என்றாள் சின்னவள்.

“வாளிக்கு ஏதுங்க செயின்?”

“அப்ப உங்க படகுக்கு ஏதுங்க செயின்?”

இரண்டு பேருக்குமே பதில் தேவைப்பட்டது. அவர் அவளை இயந்திர அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். ஆற்றின் அடியில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக ஒரு கனத்த சங்கிலி கிடந்தது. ஃபெர்ரியின் வயிற்றுக்குள் இருந்த பல்சக்கரம் அதை முன்னால் வாரி எடுத்துப் பின்னால் விட்டு, அப்படியே ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. அவள் டிக்கெட்டின் பின்புறத்தில் சின்னச் சின்ன வட்டங்களாக வரைந்து, பிளாஸ்டிக் என்பதே கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் கைகோத்துக்கொண்ட நீளச் சங்கிலிதான், அது குட்டையாக இருந்தால் வாளியின் பிடி ஒடிந்துவிடும் என்று விளக்கினாள். மறுநாள் அவருக்கு அதில் ஒரு சந்தேகம் வந்தது. அதற்கடுத்த நாள் இன்னொன்று. இரண்டு வருஷமாகியும் வேதியியலில் அவருக்குச் சந்தேகம் தீராததால்தான் கல்யாணமே முடிவானது.

ஆனால் இந்த ஃபெர்ரிச் சங்கிலி எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடப்பது. ஃபெர்ரியில் ஏறாத அவள் வீட்டாருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. போதாக்குறைக்கு, அன்று மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு வீட்டாரோடு வேனில் பாலம் சுற்றி வருவதாகத்தான் பேச்சு.

தலை பின்னி முடித்துச் சின்னவள் வெளியே வந்தபோது கூடம் காலியாக இருந்தது. அப்பா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, படிக்காத பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் எங்கப்பா?”

“அக்கா செயின் எடுக்கப் போயிருக்கா. அத்தானும் செயின் எடுக்கத்தான் போயிருக்கார். குடோன் சாப்பாடு பிடிக்கப் போயிருக்கான். அம்மா…” அப்பாவுக்குப் பொய் வராது. “அம்மா உள்ள அழுதுக்கிட்டிருக்கா. உன்கிட்ட எதுவும் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு.”

“எதைச் சொல்லக் கூடாது?”

அப்பா தன் போனை நீட்டினார். சின்னவள் படித்தாள். ஒரு தடவை படித்ததும் உதட்டைக் கடித்தாள், மறு தடவை விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மா, மகளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே நினைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, ஃபெர்ரிம்மா! ஃபெர்ரிச் செயின்! லீவு போட்ட மனுஷன் ஃபெர்ரி ஓட்டப் போயிருக்கார்!”

ஆற்றங்கரை இரண்டு தெரு தள்ளித்தான். மூன்று பேரும் போய்ச் சேர்ந்தபோது கரையில் ஏற்கெனவே கூட்டம். ஃபெர்ரி பாதி ஆற்றுக்கு மேல் கடந்து வந்து, கட்டிப்போட்ட மாடு கயிற்றைச் சுற்றி ஒதுங்கியது போல ஒரு மணல் திட்டில் சாய்ந்து நின்றிருந்தது. தளத்தில் கார்கள், சைக்கிள்கள், வேலைக்குப் போகிறவர்கள், நடுவே பட்டும் பூவுமாக மாப்பிள்ளை வீட்டார். மாப்பிள்ளையின் அம்மா, தங்களை வரவேற்கத்தான் இவ்வளவு கூட்டம் என்று நினைத்தோ என்னவோ, கைக்குட்டையை உற்சாகமாக ஆட்டினார். மாப்பிள்ளை புதுச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார். முழங்கை வரை கிரீஸ்.

“என்னாச்சு?” என்று சின்னவள் வாய்க்கு இரு கையையும் குவித்துக் கத்தினாள்.

“அடிமரம் ஒண்ணு வந்து மாட்டிடுச்சு! முன்பக்கம் அறுந்துடுச்சு, பின்பக்கம் பிடிச்சுக்கிட்டிருக்கு! ரிப்பேர் ஆளுங்க வர மத்தியானத்துக்கு மேல ஆகும்!”

“லீவுன்னு சொன்னீங்களே!”

“எனக்குப் பதிலா வந்தவருக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு! கரையில அத்தனை பேர் நிக்கறாங்க, எப்படி விட்டுட்டு வர்றது? ஒரே ஒரு நடைன்னு எங்காளுங்களையும் ஏத்திக்கிட்டு எடுத்தேன்!”

அம்மா மகளை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். “அது இருக்கட்டும்! வேற ஏற்பாடுன்னா என்ன?”

“பதிவாளர் அம்மாகிட்ட வேற நேரம் கேளுங்கன்னு சொன்னேன் அத்தை!”

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. “அதை முழுசா எழுதினா விரல் தேஞ்சா போயிடும்?” என்று ஆறு கேட்கக் கத்திவிட்டு, பதிவாளரைத் தேடி விறுவிறுவென்று நடந்தாள்.

பெரிய மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். தோளில் ஒரு புது சைக்கிள் செயின் தொங்கியது. ஃபெர்ரியைப் பார்த்தார். தன் தோளைப் பார்த்தார்.

“இது பத்தாது,” என்றார்.

அடுத்து, கடை முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிய நகைப்பெட்டியை மார்போடு அணைத்தபடி பெரியவள் ஓடிவந்தாள். விஷயம் தெரிந்ததும் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல், உள்ளே இருந்த செயினைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டாள். கடைசியாகக் குடோன் ஒரு லாரியில் வந்து இறங்கினான். பின்னால் நூறு பேருக்குச் சாப்பாடு, அதோடு நாலு சுமைதூக்கிகள்.

“சாப்பாடுதான் ஃபெர்ரியிலேயே பத்திரமா இருக்கேடா,” என்றாள் பெரியவள்.

“இருந்தா என்ன? ரெண்டு பக்கமும் பசிக்காதா?” என்று சமாளித்தான் அவன்.

சின்னவள் இவர்களைக் கவனிக்கவில்லை. கரையில் ஊன்றியிருந்த இரும்புத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பூட்டியிருந்த சங்கிலி சரிந்து தண்ணீருக்குள் போய் மறைந்தது. அறுந்தது முன்பக்கம் என்றால் அறுந்த முனையும் இந்தப் பக்கம்தானே எங்கேயோ கிடக்க வேண்டும்? கோடைத் தண்ணீர், திட்டு வரைக்கும் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே.

“உபரியா சங்கிலித் துண்டு இருக்கா?” என்று கத்தினாள்.

“இருக்கு! இணைக்கிற வளையமும் இருக்கு! இழுத்துட்டு வரத்தான் ஆள் இல்லை!”

சின்னவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ஆளா இல்லை?” என்று திரும்பிக் கரையைப் பார்த்தாள்.

அவள் முதலில் இறங்கினாள். சுமைதூக்கிகள் நாலு பேரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினார்கள். பிறகு குடோன், பெரிய மாப்பிள்ளை. ஃபெர்ரிக்காகக் காத்திருந்த ஒரு வங்கி அலுவலர் பேண்டை மடித்துக்கொண்டு, “எப்படியும் ஆபீசுக்கு லேட்தான்,” என்றபடி இறங்கினார். அவரைப் பார்த்து ஒரு தபால்காரர், இரண்டு செவிலியர்கள், ஒரு பெயிண்டர். தண்ணீருக்குள் வரிசையாக ஆள் நின்று, சேற்றிலிருந்து சங்கிலியைத் தூக்கித் தூக்கி அடுத்தவர் கைக்குக் கொடுத்துக்கொண்டு போனார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்றெல்லாம் ஒருவருக்கும் தெரியாது.

“மெதுவாங்க, என் கால் மேல போட்டுடாதீங்க!”

“இது உங்க காலா? நான் கல்லுன்னு நினைச்சு மிதிச்சுக்கிட்டிருக்கேன்!”

“கல்யாணப் பொண்ணு யாருங்க இதுல?”

“முன்னால சேறு பூசிக்கிட்டு நிக்குது பாருங்க, அதுதான்.”

வரிசையே குலுங்கிச் சிரித்தது. சிரித்த சிரிப்பில் சங்கிலி ஒரு தடவை கைநழுவி விழுந்து எல்லோர் முகத்திலும் தண்ணீர் அடித்தது. மறுபடியும் தூக்கினார்கள்.

ஃபெர்ரியிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். மாப்பிள்ளை அந்த உபரித் துண்டின் முனையைத் தோளில் போட்டு இழுத்து வந்தார். நடுவில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்து நின்றார்கள். அவள் கையில் ஒரு முனை, அவர் தோளில் ஒரு முனை.

“பூவெல்லாம் நனைஞ்சு போச்சே,” என்றார் அவர்.

“உங்க சட்டையைப் பார்த்துட்டுப் பேசுங்க.”

“கோபமா?”

“வீட்ல எங்கம்மா வேற மாப்பிள்ளைக்கே மனசைத் தேத்திக்கிட்டாங்க. இன்னும் அரை மணி போயிருந்தா பார்த்தே முடிச்சிருப்பாங்க.”

இந்த நேரத்தில் அம்மா பதிவாளருடன் கரைக்கு வந்தாள். பதிவாளர் அம்மா பருமனானவர், கையில் பெரிய தோல் பை, காலில் குதிகால் செருப்பு. மதியம் அவர் விடுப்பில் ஊருக்குக் கிளம்புகிறார். திரும்பி வர மூன்று வாரம் ஆகும்.

“நான் வரத் தயார்தான்மா,” என்றார். “ஆனா அந்தப் பாதி ஆறு வேற அலுவலகத்தோட எல்லை. அந்தப் படகு நம்ம பாதியில நிக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அப்பா தொண்டையைக் கனைத்தார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து இப்படி ஒரு கேள்விக்காகவே அவர் காத்திருந்தார் போலிருந்தது. “இந்தக் கரையிலிருந்து மூணு செயின் வரைக்கும் நம்மது. நான்தான் அளந்தேன்,” என்று ஒரு கண்ணை மூடி, கட்டை விரலை நீட்டி ஃபெர்ரியைப் பார்த்தார். “அது ரெண்டு செயின் கூட வராது. கவலையே படாதீங்க.”

“செயின்னா?” என்று கேட்டார் பதிவாளர்.

“அறுபத்தாறு அடிங்க!” என்று கரையிலும் தண்ணீருக்குள்ளும் நின்ற வீட்டார் அத்தனை பேரும் கத்தினார்கள். அப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

பதிவாளர் அம்மா செருப்பைக் கழற்றினார். தோல் பையை முதல் ஆளிடம் கொடுத்தார். அது தலைக்கு மேலே கை மாறிக் கை மாறி ஒரு பொட்டுத் தண்ணீர் படாமல் ஃபெர்ரிக்குப் போய்ச் சேர்ந்தது. அவரும் ஒவ்வொருவர் தோளாகப் பிடித்துக்கொண்டு, ‘மன்னிச்சுக்கோங்க’, ‘மன்னிச்சுக்கோங்க’ என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அம்மா அவருக்குப் பின்னால், ஒரு கையில் அவருடைய செருப்பும் மறு கையில் தன்னுடையதுமாக நடந்தாள்.

சங்கிலி முனைகளை இழுத்துக்கொண்டு வீட்டாரும் மற்றவர்களும் தளத்தில் ஏற, ஒரு வெள்ளைக் காரின் முன்மூடிமேல் பதிவேட்டை விரித்தார் பதிவாளர். மாப்பிள்ளையைக் காணோம். ஃபெர்ரியின் முனையில் குனிந்து இணைப்பு வளையத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

“தம்பி, வாங்க. நேரமாகுது.”

“இதோ, இந்த ஆணியை மட்டும் அடிச்சுட்டு வந்துடறேங்க.”

“உங்களுக்குக் கல்யாணம் முக்கியமா, செயின் முக்கியமா?”

மாப்பிள்ளை சுத்தியலைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்தார்.

“செயின்னே சொல்லிடுங்க, பரவாயில்லை,” என்றாள் சின்னவள். “உண்மையைத்தானே எழுதணும்.”

சிரிப்பு அடங்கவே நேரமானது. கடைசியில் மாப்பிள்ளையின் கிரீஸ் கையைச் செவிலியர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் துடைத்துவிட, அவர் கையெழுத்துப் போட்டார். அவள் போட்டாள். சாட்சிக்கு அக்காவும் வங்கி அலுவலரும் போட்டார்கள். பதிவாளர், “இனி நீங்க கணவன் மனைவி,” என்றார். காரின் சொந்தக்காரர் உள்ளே கையை விட்டு ஹார்னை அடித்தார். மற்றக் கார்களும் அடித்தன. மாப்பிள்ளையின் அம்மாவும் சின்னவளின் அம்மாவும் கட்டிப்பிடித்துக்கொண்டு, யார் புடவையில் அதிகச் சேறு என்று பார்த்துக்கொண்டார்கள்.

குடோனின் மூட்டைகளும் கை மாறித் தளத்துக்கு வர, சாப்பாட்டைப் பிரித்தார்கள். அந்தப் பக்கத்துச் சாப்பாடும் இந்தப் பக்கத்துச் சாப்பாடும் சேர்ந்து, வேலைக்குப் போக ஏறியவர்கள் எல்லோரும் கல்யாணம் சாப்பிட்டார்கள். பெரிய மாப்பிள்ளையைத் தேடினால், அவர் தளத்தில் நின்ற சைக்கிள்களை எல்லாம் கவிழ்த்துப் போட்டு, யாரும் கேட்காமலே ஒவ்வொன்றின் செயினுக்கும் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

ஆணி அடித்து முடித்ததும் பல்சக்கரம் ஒரு தடவை முனகி, சங்கிலியைக் கவ்வியது. ஃபெர்ரி திட்டை விட்டு மெல்ல நிமிர்ந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட வளையங்கள் ஒவ்வொன்றாக உள்ளே ஏறி வந்தன. எல்லோரும் கை தட்டினார்கள்.

கரை சேர்ந்ததும் எல்லோரும் இறங்கினார்கள். ஆனால் காலையிலிருந்து காத்திருந்த கூட்டம் அங்கேயே நின்றது. பள்ளிக்கூட வேன் ஒன்று, மருந்துப் பெட்டி ஏற்றிய ஒரு வண்டி, கையில் குழந்தையோடு ஒரு பெண்.

“அண்ணே, இன்னைக்கு இனிமே எடுப்பீங்களா, மாட்டீங்களா?” என்று வேன் ஓட்டுநர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

மாப்பிள்ளை சின்னவளைப் பார்த்தார். இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

சின்னவள் மறுபடியும் தளத்தில் ஏறி, வண்டி ஏறும் பலகையின் ஓரமாக நின்றுகொண்டாள்.

“முதல்ல பள்ளிக்கூட வேன்,” என்று கையைக் காட்டினாள். “வாங்க வாங்க, இன்னும் கொஞ்சம் முன்னால… ஆங், அங்கேயே நிறுத்துங்க.”

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே மேல் அறைக்கு ஏறினார்.